ஜெலட்டின்–கைட்டோசான் தோல் ஸ்கேஃபோல்ட்: இந்தச் செய்முறை எங்கே உதைக்கும்?

செக்காலை · #1

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் முதுகலை புராஜெக்ட் எடுக்கிறவர்களில் பலர் புண் ஆற்றும் ஸ்கேஃபோல்டுதான் (செல்கள் ஏறி வளரத் தாங்கலாக வைக்கும் துளையுள்ள பொருள்) கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு கட்டுரையைப் பார்த்து ஆளுக்கு ஒரு அளவில் செய்கிறார்கள். ஒருவர் ரிசல்ட்டை இன்னொருவர் ரிசல்ட்டோடு ஒப்பிட வழியில்லை. எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி ஓர் அடிப்படைச் செய்முறை வேண்டும். கீழே வரைவு. இரக்கம் பார்க்காமல் அடித்துத் திருத்துங்கள்.

நோக்கம்: மேல்தோலும் உள்தோலும் போன முழு ஆழப் புண்ணில் உட்கார்ந்து, ஃபைப்ரோபிளாஸ்ட்டும் (உள்தோலின் நார்களை உண்டாக்கும் செல்) ரத்த நாளமும் உள்ளே ஏறி வர இடம் கொடுக்கும் ஸ்பான்ஞ்.

கைவசம்: மைனஸ் 20 ஃப்ரீஸர், மைனஸ் 50 கண்டென்சர் உள்ள ஃப்ரீஸ் டிரையர் (உறைந்ததை வேக்குவத்தில் உலர்த்தும் கருவி), ஸ்டிரர், பிஹெச் மீட்டர், ஃப்யூம் ஹுட். எஸ்ஈஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்துக்குக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

1. கைட்டோசான் (இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) 1 கிராம், 1% அசிட்டிக் ஆசிட் 50 மில்லியில் இரவு முழுக்கக் கலக்கி நைலான் துணியில் வடிகட்டவும். அசிட்டைல் நீக்க அளவு 85%, அதாவது நூற்றுக்கு 85 அலகில் அமீன் திறந்திருக்கும்.
2. ஜெலட்டின் (டைப் ஏ, கெட்டித்தன்மை 300 புளூம்) 1 கிராம், 50 மில்லி தண்ணீரில் 45 டிகிரியில் கரைக்கவும்.
3. இரண்டையும் 40 டிகிரியில் ஒரு மணி நேரம் கலந்து, 9 செ.மீ. பெட்ரி தட்டுக்கு 20 மில்லி ஊற்றவும். 3 மி.மீ. உயரம் வரும்.
4. மைனஸ் 20-இல் ஓர் இரவு. பிறகு ஃப்ரீஸ் டிரை, 48 மணி நேரம்.
5. 80% எத்தனாலில் இடிசி–என்ஹெச்எஸ் (கார்பாக்சிலையும் அமீனையும் இணைக்கும் வினைப்பொருள்கள்) கொண்டு 4 மணி நேரம் கிராஸ்லிங்க், அதாவது சங்கிலிகளுக்கிடையே பாலம் போடுதல். இடிசி, என்ஹெச்எஸ், கார்பாக்சில் மோல் விகிதம் 5:2:1.
6. 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் நியூட்ரலைஸ். தண்ணீரில் கழுவி மறுபடி ஃப்ரீஸ் டிரை.
7. 70% எத்தனாலில் ஊறவைத்து யூவி காட்டி ஸ்டெரிலைஸ்.

கோட்டையூர் · #2

5-ஐயும் 6-ஐயும் இடம் மாற்றுங்கள். இந்த வரைவிலேயே பெரிய ஓட்டை அதுதான்.

ஃப்ரீஸ் டிரையரிலிருந்து வருவது கைட்டோசான் இல்லை, கைட்டோசான் அசிட்டேட். தனி அசிட்டிக் ஆசிட்டில் பெரும்பகுதி வேக்குவத்தில் போய்விடும். அமீனோடு உப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கும் அசிட்டேட் போகாது. அதன் மேல் இடிசி ஊற்றினால் இடிசி யாரோடு வேலை செய்யும்? ஜெலட்டினின் கார்பாக்சிலோடு மட்டுமில்லை, அசிட்டேட்டின் கார்பாக்சிலோடும்தான். அப்படி நடந்தால் அசிட்டேட் கைட்டோசானின் அமீனில் நிரந்தரமாக ஒட்டி, நாம் காசு கொடுத்து வாங்கிய அமீனை மூடிவிடும். இடிசி செலவாகும், பாலம் விழாது. தட்டில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பஃபரில் போட்டால் ஓரம் கொழகொழவென்று கரைந்து வரும். பலரும் உடனே இடிசியை இரட்டிப்பாக்குவார்கள். அது தீர்வே இல்லை.

இதே காரணத்துக்காகத்தான் இடிசிக்கு அசிட்டேட் பஃபர் கூடாது, டிரிஸ் கூடாது, கிளைசின் கூடாது. பாஸ்பேட்டும் இடிசியின் வேகத்தைக் குறைக்கும். எம்ஈஎஸ் பஃபர், 50 மில்லிமோலார், பிஹெச் 5.5, அதை எத்தனாலோடு கலந்து 80% எத்தனாலாக வைத்துக்கொள்ளுங்கள்.

செக்காலை · #3

அண்ணே, கிராஸ்லிங்க் ஆகாத ஜெலட்டினை முதலில் காரத்தில் போட்டால் அது கரைந்து போய்விடாதா? அதற்காகத்தான் இடிசியை முன்னால் வைத்தேன்.

கோட்டையூர் · #4

தண்ணீரில் கரைத்த காரம் என்றால் போகும். 80% எத்தனாலில் ஜெலட்டின் கரையாது. கைட்டோசான் அசிட்டேட்டும் கரையாது. ஆகவே காரத்தையும் 80% எத்தனாலிலேயே தயார் செய்யுங்கள்.

1 மோலாரும் வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்குக்கு 10 மில்லி கலவை ஊற்றிய தட்டை எடுத்துக்கொள்வோம், அதில் கைட்டோசான் 0.1 கிராம். ஓர் அலகின் எடை 168 என்று வைத்தால் சுமார் 0.6 மில்லிமோல். அதில் 85% அமீன் என்றால் 0.5 மில்லிமோல். அசிட்டேட்டும் அதிகபட்சம் அவ்வளவுதான். 0.1 மோலார் காரம் 20 மில்லியில் 2 மில்லிமோல் இருக்கிறது. நாலு மடங்கு. தாராளம். 80 மில்லிகிராம் சோடியம் ஹைட்ராக்சைடை முதலில் 4 மில்லி தண்ணீரில் கரைத்து, அதன்பின் 16 மில்லி எத்தனால் சேருங்கள். நேரே எத்தனாலில் போட்டால் கரைய மணிக்கணக்காகும். அரை மணி ஊறட்டும். பிறகு வெறும் 80% எத்தனாலில் பிஹெச் தாள் 7 காட்டும்வரை கழுவுங்கள். அதற்கப்புறம் இடிசி.

இடிசி அளவு: ஒரு கிராம் ஜெலட்டினுக்குக் கார்பாக்சில் 1.2 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 5:2:1 என்றால் ஒரு கிராமுக்கு இடிசி ஹைட்ரோகுளோரைடு 1.15 கிராம், என்ஹெச்எஸ் 0.276 கிராம். மேலே சொன்ன 10 மில்லி தட்டில் ஜெலட்டின் 0.1 கிராம், எனவே 115 மில்லிகிராமும் 28 மில்லிகிராமும். இடிசி ஈரத்தை இழுக்கும். மைனஸ் 20-இல் இருந்து எடுத்தவுடன் டப்பாவைத் திறந்தால் உள்ளே பனி படியும், அடுத்த மாதம் அந்த டப்பா பாதி செத்திருக்கும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

வினை முடிந்ததும் 0.1 மோலார் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டில் இரண்டு மணி நேரம் வையுங்கள், மிஞ்சிய செயலூக்க எஸ்டர் உடையும். பிறகு தண்ணீர், நாலைந்து மாற்று. எத்தனால் வாசனை துளிகூட இல்லாமல் போன பிறகுதான் இரண்டாவது ஃப்ரீஸ் டிரை. எத்தனால் இருந்தால் மைனஸ் 20-இல் அது உறையாது. வேக்குவம் போட்டதும் பொங்கி, துளையெல்லாம் சப்பையாகும். கண்டென்சரைத் தாண்டி பம்ப் எண்ணெய்க்கும் போகும்.

கானாடுகாத்தான் · #5

அறுவைப் பக்கத்திலிருந்து ஒன்று. 3 மி.மீ. எதற்கு? மனித உள்தோல் பெரும்பாலான இடங்களில் 1 முதல் 2 மி.மீ.தான். ரத்த நாளத்திலிருந்து ஆக்ஸிஜன் திசுவுக்குள் பரவக்கூடிய தூரம் 0.2 மி.மீ. அளவு. நாளம் அடியிலிருந்துதான் ஏறி வரும். 3 மி.மீ. ஸ்பான்ஞ்சின் மேல் பாதி நாள்கணக்கில் ரத்தமில்லாமல் நனைந்து கிடக்கும். அது கிருமிக்கு வைத்த விருந்து. 1.5 மி.மீ. போதும், அதாவது உங்கள் தட்டுக்கு 10 மில்லி. கோட்டையூர் அண்ணன் கணக்கும் அதற்குத்தான் பொருந்துகிறது.

எந்தப் புண்ணுக்கு என்பதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். தீக்காயத்தில் கருகியதை வெட்டி எடுத்த சுத்தமான படுகை வேறு, சர்க்கரைப் புண் வேறு. யான்னஸும் பர்க்கும் உருவாக்கிய கொலாஜன்–காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் டெம்ப்ளேட், இன்டெக்ரா என்ற பெயரில் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, தீக்காயத்துக்காக. அது இரண்டு கட்ட சிகிச்சை. மேலே சிலிகான் தாள், கீழே கொலாஜன் ஸ்பான்ஞ். இரண்டு மூன்று வாரத்தில் அடியில் புது உள்தோல் வந்ததும் சிலிகானை உரித்துவிட்டு மெல்லிய தோல் ஒட்டு வைப்பார்கள். ஸ்பான்ஞ் மட்டுமே மேல்தோலை உண்டாக்கிவிடாது. மாணவர்கள் அறிமுகத்தில் இதைத் தப்பாக எழுதுகிறார்கள்.

சர்க்கரைப் புண்ணில் புரதத்தை அறுக்கும் எம்எம்பி என்சைம்கள் தேவைக்கு மேல் இருக்கும். தீக்காயத்தில் மூன்று வாரம் நிற்கும் ஸ்பான்ஞ் அங்கே சில நாளிலேயே கூழாகலாம். காலில் அழுத்தம் நீங்கவில்லை, செத்த திசு வெட்டவில்லை, காலுக்கு ரத்தம் வரவில்லை என்றால் எந்த ஸ்கேஃபோல்டும் தோற்கும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு வெறுங்காலோடு நடக்கிறவர்களில் சர்க்கரை உள்ளவர்களுக்கு உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து புண்ணாகும். அங்கே முதல் மருந்து அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் வைப்பது. ஸ்கேஃபோல்ட் அதற்குப் பிறகுதான் வரும்.

புதுவயல் · #6

துளை அளவு பற்றிக் கேட்கணும். 20 முதல் 125 மைக்ரான் என்று படித்தேன். மைனஸ் 20-இல் அது வருமா? லிக்விட் நைட்ரஜனில் முக்கினால் இன்னும் சீராக வருமா?

கழனிவாசல் · #7

தம்பி, அந்த 20–125 எண் கொலாஜன்–ஜிஏஜி ஸ்பான்ஞ்சில் (இன்டெக்ரா வகை; காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் ஒரு ஜிஏஜி), புண் சுருங்குவதைத் தடுத்த துளை வரம்பு. ஜெலட்டின்–கைட்டோசானுக்கு அப்படியே பொருந்தும் என்று எழுதாதீர்கள். ஆனால் காரணம் பொதுவானது. துளை ரொம்பச் சிறிதானால் செல் உள்ளே போகாது. ரொம்பப் பெரிதானால் ஒட்டிக்கொள்ளச் சுவர்ப் பரப்பு குறைவு.

துளை என்பது ஐஸ் படிகம் விட்டுப்போன இடம். மெதுவாக உறைந்தால் படிகம் பெரிது, வேகமாக உறைந்தால் சிறிது. கொலாஜன்–ஜிஏஜியில் நிமிடத்துக்கு 0.9 டிகிரி என்று ஒரே வேகத்தில் குளிர வைத்து, கடைசி வெப்பநிலையை மைனஸ் 10-இலிருந்து மைனஸ் 40-க்குக் கொண்டுபோனால் சராசரித் துளை சுமார் 150-இலிருந்து 95 மைக்ரானுக்கு இறங்கும். லிக்விட் நைட்ரஜனில் முக்கினால் வெளிப்புறம் நொடியில் உறையும், நடு பின்தங்கும். ஓரத்தில் மிகச் சிறிய துளை, நடுவில் நீளநீளமான குழாய், அதோடு விரிசலும் வரும். சீர் என்பதற்கு நேர் எதிர்.

சாதாரண ஃப்ரீஸரிலேயே சீராக்க வழி இருக்கிறது. பெட்ரி தட்டை ஃப்ரீஸர் கம்பித் தட்டில் வைக்காதீர்கள். அடியில் ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் கம்பி என்று கோடு கோடாகத் துளை மாறும். 10 மி.மீ. தடிமனுள்ள அலுமினியப் பலகையை முந்தின நாளே உள்ளே வைத்துக் குளிர வைத்து, தட்டை அதன் மேல் வையுங்கள். லெவல் பார்க்கணும். ஒரு தட்டின் நடுவில் மெல்லிய தெர்மோகப்பிள் போட்டுக் குளிரும் வளைவைப் பதிவு செய்யுங்கள். அந்த வளைவு இல்லாமல் "மைனஸ் 20-இல் உறைய வைத்தோம்" என்று எழுதினால் அடுத்தவரால் அதைத் திரும்பச் செய்ய முடியாது. இந்த இழையில் எதை எடுத்துக்கொள்ளாவிட்டாலும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றும் முன் குமிழி எடுக்கணும். வேக்குவம் டெசிக்கேட்டரில் பத்து நிமிடம் போதும். எஸ்ஈஎம்-இல் கச்சிதமான வட்டமாக அரை மி.மீ. ஓட்டை தெரிந்தால் அது காற்றுக் குமிழி. துளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நம் ஊர் சமாச்சாரம் இரண்டு. சித்திரை, வைகாசியில் அறையே 38 டிகிரி. ஜெலட்டின் 30 டிகிரிக்கு மேல் கெட்டியாகாது. ஊற்றிய தட்டை ஃப்ரீஸருக்குக் கொண்டுபோகும்போது அது தண்ணீராகத்தான் இருக்கும், ஒரு பக்கம் சாய்ந்தால் தடிமன் போச்சு. ஃப்ரிட்ஜில் அரை மணி வைத்துக் கெட்டியாக்கிவிட்டு மாற்றுங்கள். ஆனால் எல்லாத் தொகுதிக்கும் அப்படியே செய்யணும், கெட்டியான கலவையில் துளையின் வடிவம் மாறும். இரண்டாவது, கரண்ட். டிரையர் ஓடும்போது கரண்ட் போனால் வேக்குவம் இறங்கி ஐஸ் உருகும், ஸ்பான்ஞ் சுருங்கிக் கண்ணாடித் தாள் போலாகும். யூபிஎஸ் இல்லையென்றால் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளில் தொடங்காதீர்கள். பாதி உருகிய தட்டைத் திரும்ப உறைய வைத்து ஓட்டி, அதையும் நல்ல தொகுதியோடு சேர்ப்பது கூடவே கூடாது.

பள்ளத்தூர் · #8

செல் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் 5:2:1 பற்றி. அந்த விகிதம் பழக்கத்தில் வந்தது, சட்டமில்லை. ஃபைப்ரோபிளாஸ்ட் ஜெலட்டினை, கொலாஜனைப் பிடிப்பது இன்டெக்ரின் (செல்லின் மேலுள்ள பிடிப்புப் புரதம்) வழியாக. பிடிமான இடங்களான ஆர்ஜிடி, ஜிஎஃப்ஓஜிஇஆர் இரண்டிலும் கார்பாக்சில் உள்ள அமினோ அமிலம் இருக்கிறது, ஒன்றில் அஸ்பார்ட்டேட், இன்னொன்றில் குளூட்டமேட். இடிசி அதையும் பிடித்துக் கட்டிப்போடும். கிராஸ்லிங்க் கூடக்கூட ஸ்பான்ஞ் உறுதியாகும், செல் ஒட்டுவது குறையும். அதனால் 5:2:1, அதில் பாதி, அதில் பத்தில் ஒன்று என்று மூன்று வைத்து, என்சைமில் எத்தனை நாள் நிற்கிறது, செல் எத்தனை ஒட்டுகிறது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எது குறைந்த அளவில் தேவையான நாள் நிற்கிறதோ அதுவே சரி.

குளூட்டரால்டிஹைடு மலிவு என்று யாரும் போக வேண்டாம். கழுவினாலும் உள்ளே சிக்கியது மெல்ல மெல்ல வெளியே வரும். முதல் நாள் செல் உயிரோடிருக்கும், அஞ்சாம் நாள் சாகும். ஜெனிப்பின் என்ற செடிவழி இணைப்பான் நல்லதுதான், ஆனால் ஸ்பான்ஞ் நீலமாகும். எம்டிடி-யை (உயிருள்ள செல்லில் ஊதாவாகும் சாயச் சோதனை) 570 நானோமீட்டரில் படிக்கும்போது அந்த நீலம் கணக்கைக் கெடுக்கும்.

எம்டிடி பற்றியே: செல் நச்சுத் தரநிலையான ஐஎஸ்ஓ 10993-5-இன் சாறு முறையில் (பொருளை ஊறவைத்த மீடியாவைச் செல்மேல் ஊற்றுவது) செய்யுங்கள். எல்929 செல் (சுண்டெலி ஃபைப்ரோபிளாஸ்ட்), 37 டிகிரியில் 24 மணி நேரச் சாறு, உயிர்ப்பு 70%-க்குக் கீழே போனால் நச்சு. துளையுள்ள பொருளுக்கு மில்லிக்கு 0.1 கிராம். ஆனால் இந்த ஸ்பான்ஞ் தன் எடைபோல் பல மடங்கு மீடியாவைக் குடித்துவிடும், சாறே மிஞ்சாது. முதலில் ஒரு துண்டு எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து, அந்த அளவு மீடியாவைக் கூடுதலாக ஊற்ற வேண்டும். ஸ்பான்ஞ் மேல் நேரே செல் வளர்த்து எம்டிடி போட்டால் ஊதா ஃபார்மசான் கைட்டோசானிலேயே சிக்கிக்கொள்ளும். செல் இல்லாத ஸ்பான்ஞ்சையும் பக்கத்தில் ஓட்டிக் கழிக்கணும். முடிந்தால் டிஎன்ஏ அளவையே பாருங்கள்.

ஒரே தொகுதியிலிருந்து வெட்டிய மூன்று துண்டு மூன்று மாதிரி ஆகாது. தனித்தனியாகக் கரைத்து, தனித்தனியாக உறைய வைத்த மூன்று தொகுதி வேண்டும்.

புதுவயல் · #9

ஆச்சி, இதோடு சில்வர் நானோ துகளும் குர்குமினும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். ஆன்டிபாக்டீரியல் ஸோன் (கிருமி வளராத வளையம்) வந்தால் பேப்பர் சுலபமாகப் போகும் என்கிறார்கள்.

பள்ளத்தூர் · #10

முதலில் வெறும் ஸ்பான்ஞ் தன் வேலையைச் செய்யட்டும், தம்பி. ஒரே சமயத்தில் மூன்று மாற்றினால், செல் செத்தது எதனால் என்று சொல்ல வழியிருக்காது.

வெள்ளி அயனி பாக்டீரியாவையும் கொல்லும், மேல்தோல் செல்லான கெராட்டினோசைட்டையும் ஃபைப்ரோபிளாஸ்டையும் கொல்லும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அகலமானதில்லை. அகார் தட்டில் ஸோன் பெரிதாக வந்தால் அது பெருமையில்லை, வெள்ளி வேகமாக வெளியே ஓடுகிறது என்று பொருள். புண்ணில் இருக்கும் புரதமும் குளோரைடும் அதைப் பிடித்துவிடும், அகாரில் பார்த்தது அங்கே நடக்காது. வெள்ளி வேண்டுமென்றால் நாளுக்கு எத்தனை மைக்ரோகிராம் வெளிவருகிறது என்று ஐசிபி-யில் (உலோக அளவு காணும் கருவி) அளந்து, அதே அளவில் செல்லையும் கிருமியையும் சேர்த்துச் சோதியுங்கள்.

கோட்டையூர் · #11

குர்குமினுக்கு வேதியியல் தடை இருக்கிறது. பிஹெச் 7-க்கு மேல் அது உடையும். சீரம் இல்லாத பாஸ்பேட் பஃபரில் 37 டிகிரியில் அரை மணிக்குள் பெரும்பகுதி போய்விடும். நாம் வைத்திருக்கும் கார நியூட்ரலைசேஷனில் ஒரு நிமிடம் தாங்காது, மஞ்சள் சிவப்பாகி ஓடும். அதன் பிறகு வரும் எத்தனால் கழுவலில் மிச்சமும் போகும். சேர்ப்பதானால் எல்லாம் முடிந்த ஸ்பான்ஞ்சில், கடைசியில், எவ்வளவு தங்கியது என்று எடுத்து அளந்து சேர்க்கணும். கலவையில் 10 மில்லிகிராம் போட்டோம், ஆகவே 10 மில்லிகிராம் இருக்கிறது என்று எழுதுவது தப்பு. வெளிச்சத்திலும் அது கெடும்.

தேவகோட்டை · #12

7-ஆவது படி ஸ்டெரிலைசேஷனே இல்லை. 70% எத்தனால் பாக்டீரியாவின் கடினமான உறங்கு நிலையான ஸ்போரைக் கொல்லாது. யூவி மேற்பரப்பைத் தாண்டாது, ஸ்பான்ஞ்சுக்குள் போகாது. 121 டிகிரி ஆட்டோகிளேவ் ஜெலட்டினைக் கரைத்துவிடும். மிஞ்சுவது எத்திலீன் ஆக்சைடு அல்லது காமா. காமா 25 கிலோகிரே கைட்டோசான் சங்கிலியை அறுக்கும், ஸ்பான்ஞ் வேகமாகக் கரையத் தொடங்கும். எத்திலீன் ஆக்சைடு பெரும்பாலும் ஏற்றது, ஆனால் எச்ச வாயு வெளியேற நேரம் கொடுக்கணும், எச்சத்தை அளக்கணும். முக்கியமானது இது: கரைவு, உறுதி, செல் சோதனை எல்லாவற்றையும் ஸ்டெரிலைஸ் செய்த பிறகு உள்ள ஸ்பான்ஞ்சில் செய்யுங்கள். முன்னால் செய்த எண்கள் வேறொரு பொருளின் எண்கள்.

கைட்டோசான் வாங்கும் இடமும் கவனம். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் இறால் ஓடு எளிதாகக் கிடைக்கிறது. 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் சுண்ணாம்பு எடுத்து, 4% காரத்தில் புரதம் எடுத்து, 40–50% காரத்தில் சூடாக்கிக் கைட்டோசான் ஆக்கலாம்தான். கழிவுநீர் சுத்திகரிப்புக்கு அது போதும். செல் சோதனைக்குச் சாம்பல் எவ்வளவு, மிச்சப் புரதம் எவ்வளவு, மூலக்கூறு எடை என்ன, எண்டோடாக்சின் (பாக்டீரியா உறையின் நச்சு) என்ன என்று நாலும் தெரிய வேண்டும். இறால் ஒவ்வாமைக்குக் காரணமான டிரோபோமயோசின் புரதம் மிஞ்சியிருந்தால் அது புண்ணுக்குள் நேரே போகும். எண்டோடாக்சின் ஆட்டோகிளேவ் வெப்பத்துக்கும் எத்திலீன் ஆக்சைடுக்கும் அசையாது. ஸ்டெரைல் ஆனாலும் இருக்கும், அழற்சியைக் கிளப்பும். அதை அளக்கும் லிமுலஸ் சோதனையில் கருவிக்கு 20 அலகு என்பது வழக்கமான வரம்பு.

ஜெலட்டினுக்குப் பதில் ஜிலேபி மீன் தோல் கொலாஜன் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் முச்சுருள் 32–36 டிகிரியிலேயே அவிழத் தொடங்கும். வெயில் காலத்தில் மேசை மேல் கரைத்துக்கொண்டிருந்தால் கொலாஜன் என்று எழுதி ஜெலட்டினைச் சோதிப்பீர்கள். ஆரம்பம் முதல் 4 டிகிரியில்.

இதில் எதையும் மனிதர் மேல் வைத்துப் பார்க்க வேண்டாம், வீட்டு ஆள் சம்மதித்தாலும். மருத்துவக் கருவி விதிகள் 2017-இன் கீழ் அனுமதியில்லாமல் அது குற்றம். விலங்கு வேலைக்கும் நிறுவன விலங்கு நெறிக்குழு அனுமதி முதலில்.

கானாடுகாத்தான் · #13

மேல்தாள் பற்றி வரைவில் ஒன்றுமில்லை. வெறும் ஸ்பான்ஞ் நீராவியைத் தடுக்காது. நல்ல தோல் ஒரு சதுர மீட்டரில் நாளுக்குச் சுமார் 204 கிராம் நீரை விடும், சதை வளரும் திறந்த புண் 5,000 கிராமுக்கு மேல். 2,000–2,500 கிராம் விடும் உறை என்றால் புண் காயவும் காயாது, ஊறவும் ஊறாது. சிலிகான் தாள் அதற்குத்தான், கிருமிக்கும் தடை.

கோட்டையூர் · #14

சிலிகான் ஒட்டுகிறவர்கள் கவனிக்க. பிளாட்டினம் வினையூக்கியுள்ள பிடிஎம்எஸ் சிலிகானைக் கைட்டோசான் மேல் நேரே ஊற்றினால் ஒட்டும் இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே இருக்கும். அமீன் பிளாட்டினத்தைச் செயலிழக்கச் செய்யும். லேட்டக்ஸ் கையுறையில் உள்ள கந்தகமும் அதையே செய்யும், நைட்ரைல் போடுங்கள். டெஃப்லான் தாளில் மெல்லிய படலமாக ஊற்றித் தனியாக இறுக வைத்து, பிறகு மருத்துவத் தரச் சிலிகான் பசையை மிக மெல்லியதாகத் தடவி ஸ்பான்ஞ்சை ஒட்டுங்கள். பசை தடித்தால் துளைக்குள் ஏறி அடைக்கும். கடையில் ஜன்னல் இடுக்குக்கு விற்கும், காடி நெடியடிக்கும் சிலிகான் வேண்டவே வேண்டாம். அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருப்பது சகஜம்.

கழனிவாசல் · #15

மின்கடத்தும் ஸ்கேஃபோல்ட் பற்றி யாராவது கேட்பார்கள், சிக்ரி இருக்கும் ஊர் அப்படி. புண்ணின் விளிம்பில் மில்லிமீட்டருக்கு 100 மில்லிவோல்ட் அளவில் இயற்கையான மின்புலம் இருக்கிறது, கெராட்டினோசைட் அதன் திசையில் நகரும். அதனால் பெடாட்–பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமரைக் கலக்கும் யோசனைக்கு அடிப்படை உண்டு. ஆனால் உலர்ந்த துண்டில் நாலு முனை வைத்துக் கடத்துதிறன் அளப்பது இங்கே உதவாது. பஃபரில் ஊறி, 37 டிகிரியில் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) எடுங்கள். ஊறிய ஸ்பான்ஞ்சில் உப்புநீரே கடத்தும், உங்கள் பாலிமர் அதற்கு மேல் என்ன கூட்டியது என்பதே கேள்வி. பிஎஸ்எஸ் அமிலம், கழுவாவிட்டால் உள்ளே பிஹெச் இறங்கிச் செல்லைக் கொல்லும்.

செக்காலை · #16

எல்லாவற்றையும் சேர்த்து வரைவைத் திருத்துகிறேன். எலியில் செய்யப்போகிறவர்களுக்கு என்ன சொல்வது? வெட்டி, வைத்து, நாலு நாளுக்கு ஒரு படம் எடுத்துப் பரப்பு குறைவதைக் காட்டுகிறார்கள்.

பள்ளத்தூர் · #17

எலிக்குத் தோலுக்கு அடியில் மெல்லிய தசை அடுக்கு இருக்கிறது. அதன் புண் பெரும்பாலும் சுருங்கியே மூடும். மனிதப் புண் முக்கியமாகச் சதை வளர்ந்து, மேல்தோல் படர்ந்து மூடும். சுருங்குவதைப் படம் எடுத்து "ஸ்கேஃபோல்ட் ஆற்றியது" என்று எழுதுவது சரியில்லை. நல்ல ஸ்கேஃபோல்ட் சுருங்குவதைத் தடுக்கும் என்பதால் பரப்புப் படத்தில் அது தோற்றதுபோலக்கூடத் தெரியலாம். 8 மி.மீ. பஞ்ச் போட்டு, சுற்றி சிலிகான் வளையத்தை ஒட்டித் தையலும் போடுங்கள். வளையம் கழன்ற எலியைக் கணக்கிலிருந்து எடுப்பதா என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். திசு வெட்டி, புது மேல்தோல் விளிம்பிலிருந்து எத்தனை தூரம் வந்தது என்று அளங்கள். கொலாஜனுக்கு மேசன் டிரைக்ரோம். ஸ்கேஃபோல்ட் மிச்சமும் கொலாஜன் நிறம் ஏற்கும், அதனால் வைத்த அன்றே எடுத்த ஒரு மாதிரியும் ஒப்பீட்டுக்கு வேண்டும்.

புதுவயல் · #18

வீக்க அளவு எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது. ஃபில்டர் தாளில் ஒற்றிவிட்டுத்தான் எடை போடுகிறேன்.

கழனிவாசல் · #19

ஒற்றும்போது துளைக்குள் இருக்கும் நீரையும் தாள் உறிஞ்சும், எவ்வளவு என்பது உங்கள் விரல் அழுத்தத்தைப் பொறுத்தது. ஒற்றாதீர்கள். மெல்லிய கம்பி வலைமேல் வைத்து 30 விநாடி வடிய விட்டு எடை போடுங்கள், எல்லாத் துண்டுக்கும் அதே 30 விநாடி. ஊற வைக்கும்போது உள்ளே காற்று சிக்கினால் துண்டு மிதக்கும், எண் குறைவாக வரும். பஃபருக்குள் அமிழ்த்தி வேக்குவம் டெசிக்கேட்டரில் அஞ்சு நிமிடம் வைத்தால் குமிழி வெளியேறி அடியில் தங்கும். செல் விதைக்கும் முன்னும், எலிக்கு வைக்கும் முன்னும் இதையே செய்யணும். காற்று அடைத்த துளைக்குள் செல்லும் போகாது, புண்ணீரும் போகாது.